நம் வழிபாட்டுச் சொற்கள்: வரலாறும் பொருளும்



பெரம்பலூர், அரியலூர் பகுதியில் உள்ள நம் பங்குகளில் ஞாயிறு காலையில் பாட்டி "பூசைக்கு நேரமாச்சு" என்கிறார். மகன் "திருப்பலி எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். பேரப்பிள்ளை "மாஸ்" என்கிறது. மூவரும் செல்வது ஒரே பீடத்திற்குத்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் வழிபாட்டின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. சில வேளைகளில் ஒரு பழைய சொல் தரும் அச்சம், நமக்குக் கிடைக்க வேண்டிய அருளையே தாமதப்படுத்தி விடுகிறது. எனவே நாம் பயன்படுத்தும் முக்கியமான சில சொற்களின் வரலாற்றையும் பொருளையும் இங்கே காண்போம்.

சொற்கள் வந்த வழி

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அண்ட்ரிக்கே அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதில் கடவுளுக்குப் பெயர் 'தம்பிரான்'. அக்காலத்தில் பல சொற்கள் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து அப்படியே வந்தன. முதியோர் செபங்களில் இருந்த 'இஸ்பிரீத்து சாந்து' அவ்வாறு வந்ததே. 'சிலுவை' என்ற சொல்லோ சிரியாக் மொழியிலிருந்து வந்து நம் சொல்லாகவே ஆகிவிட்டது.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி வேறு வழியில் சென்றார். மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த கோவில், குரு, வேதம், பூசை, அருள், பிரசாதம் ஆகிய சொற்களைக் கிறிஸ்தவ வாழ்வுக்குக் கொண்டு வந்தார். கடவுளைச் 'சர்வேசுரன்' என்றார். அந்நிய மதம் என்று விலகி நின்றவர்களுக்கு அச்சொற்கள் கதவைத் திறந்தன.

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல அன்னையின் புகழ் பாடியவர் வீரமாமுனிவர் (1680-1747). தேம்பாவணியில் அவர் புனித சூசையப்பரை 'வளன்' என்று அழைத்தார். எபிரேய மொழியில் 'யோசேப்பு' என்னும் பெயர் பெருகுதலைக் குறிப்பது. ஒலியை விட்டுப் பொருளைத் தமிழில் தந்தார் முனிவர். உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் எழுதினார். குருவானவர் எப்போதோ ஒருமுறை வந்துபோன அக்காலத்தில், செபங்களையும் அவற்றின் சொற்களையும் ஊர்தோறும் காத்தவர்கள் உபதேசியார்களே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்கள் மொழியில் வழிபாடு நிகழ வழி திறந்தது. இலத்தீன் இருந்த இடத்தில் தமிழ் ஒலித்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் புதிய சொற்கள் நிலைபெற உதவியது.

பழைய சொல், புதிய சொல்

பூசை - திருப்பலி: 'பூசை' இறைவனுக்கு நாம் செலுத்தும் வணக்கத்தைச் சொல்கிறது. 'திருப்பலி' கிறிஸ்து தம்மையே கையளித்த கல்வாரிப் பலியைச் சொல்கிறது. பாட்டியின் சொல் தவறன்று. புதிய சொல் அதற்கு ஆழம் சேர்க்கிறது.

ஞானஸ்நானம் - திருமுழுக்கு: 'ஸ்நானம்' என்றால் குளியல். மூலக் கிரேக்கச் சொல்லுக்கு மூழ்கச் செய்தல் என்பது பொருள். கொள்ளிடக் கரையில் வாழ்வோருக்கு 'முழுக்கு' என்பதை விளக்கத் தேவையில்லை. கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு புதுவாழ்வுக்கு எழுதல் என்று பவுலடியார் கூறும் மறைபொருள் (உரோ 6:4) இச்சொல்லில் தெளிவாகிறது.

பாவசங்கீர்த்தனம் - ஒப்புரவு: முதற்சொல் பாவங்களை வாயால் அறிக்கையிடுவதைக் குறிக்கும். 'ஒப்புரவு' திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே உள்ள சொல். அங்கே அது ஊரோடு பொருந்திப் பிறருக்கு உதவி வாழ்வது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாமல் இருந்துகொண்டு, குருவிடம் மட்டும் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தால் பழைய சொல் நிறைவேறியதுபோல் தோன்றலாம். புதிய சொல் நிறைவேறாது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரிடம் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னவர் ஆண்டவர் (மத் 5:23-24).

நன்மை - நற்கருணை: 'புதுநன்மை', 'நன்மை வாங்குதல்' என்ற வழக்குகள் இன்றும் உயிரோடு உள்ளன. எல்லா நன்மைகளுக்கும் ஊற்றானவரையே 'நன்மை' என்று அழைத்த நம் முன்னோரின் விசுவாசத்தை எந்தப் புதுச்சொல்லும் மறைத்துவிட வேண்டாம்.

உயிரைத் தொடும் ஒரு சொல்

பழைய ஞானோபதேசத்தில் 'அவஸ்தைப்பூசுதல்' என்று ஓர் அருள்சாதனம் உண்டு. அவஸ்தை என்றால் இங்கே சாகும் வேளையின் துன்பம். எனவே, "சாமியைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்" என்று வீட்டார் தயங்குகின்றனர். திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது எல்லாரையும் அழைக்கிறோம், குருவானவரை மறந்துவிடுகிறோம். நினைவு தப்பிய பின், சில வேளைகளில் உயிர் பிரிந்த பின்புதான் தொலைபேசி அழைப்பு வருகிறது. இறந்தவருக்காக நாம் செபிக்கலாம்; ஆனால் இந்த அருள்சாதனம் உயிரோடு இருப்பவருக்கே உரியது.

இந்தக் காரணத்தாலேயே சங்கம் இதனை 'நோயாளிகளின் பூசுதல்' என்று அழைப்பதே அதிகப் பொருத்தம் என்றது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் இதன் சடங்கைப் புதுப்பித்தார். நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு எழுதுகிறார் (யாக் 5:14). இறக்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. கடுமையான நோயால் அறுவை மருத்துவத்திற்குச் செல்பவரும், முதுமையால் மிகவும் தளர்ந்தவரும் இதனைப் பெறலாம். குணமடைந்தவர் மீண்டும் கடுமையாக நோயுற்றால் மறுபடியும் பெறலாம்.

இறக்கும் நிலையில் இருப்பவருக்கே உரியது வழியுணவு, அதாவது இறுதியாகப் பெறும் நற்கருணை. நெடும்பயணம் செல்பவருக்குக் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவது நம் ஊர் வழக்கம் அல்லவா? அதே அன்போடு திருச்சபையும் தன் பிள்ளைகளை வழியனுப்புகிறது. அதையும் நோயாளி விழுங்கும் நிலையில் இருக்கும்போதே பெறச் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பழைய சொற்களைச் சொல்லும் முதியோரைத் திருத்தவோ நகைக்கவோ வேண்டாம். அச்சொற்களில்தான் அவர்கள் செபித்து நம்மை வளர்த்தார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களையும் கற்பித்து, இரண்டின் பொருளையும் விளக்குவோம். நம் வீட்டில் யாரேனும் நோயுற்றிருந்தால் அவரோடு இன்றே அன்பாகப் பேசுவோம்: "சாமி வருவது உங்களை வழியனுப்ப அல்ல, உங்களுக்காகச் செபித்து எண்ணெய் பூசித் திடப்படுத்த." அவர் நம்மோடு சேர்ந்து 'ஆமென்' என்று சொல்லும் நிலையில் இருக்கும்போதே குருவானவரை அழைப்போம். அடைக்கல அன்னை நம் நோயாளிகள் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக!