மூணாம் வகுப்பு படிப்பு, கையில் ஈய எழுத்து... பள்ளிப்பட்டுக்குப் போராடிய ம.பொ.சி எழுத்தாளர் ஆனது எப்படி?

பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்னா ஒரு காதுல தமிழ், இன்னொரு காதுல தெலுங்கு கேட்கும். பக்கத்துல இருக்கிற நகரி ஆந்திரா. இந்த ஊரும் 1960 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துலதான் இருந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அந்த வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னால் நின்று நடத்தியவர் ம.பொ.சிவஞானம். 'சிலம்புச் செல்வர்'னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க.

எழுதிப் பிழைக்கணும்னு ஆசைப்படுற உங்களுக்கு அவரோட இன்னொரு முகம்தான் ரொம்ப முக்கியம்.

1906-ல் சென்னையில் பிறந்தவர். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. நெசவு உட்பட கிடைச்ச கூலி வேலை எல்லாம் பார்த்தார். பிறகு அச்சகத்தில் கம்பாசிட்டர். அந்த வேலை இப்போ இல்லாததால கொஞ்சம் விளக்கிடுறேன். மரத்தட்டுல குட்டிக் குட்டி அறைகள், ஒவ்வொண்ணுலயும் ஓர் ஈய எழுத்து. அதுவும் கண்ணாடியில தெரியிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். ஒவ்வொண்ணா பொறுக்கி, வரியா அடுக்கணும். முடிஞ்சதும் திரும்பப் பிரிச்சு அந்தந்த அறையில போடணும். ஒரு தேவையில்லாத வார்த்தைக்குக்கூட விரல் வலிக்கும். பேக்ஸ்பேஸ் தட்டியே வளர்ந்த நமக்கு (என்னையும் சேர்த்துத்தான்) இது புரிய நேரமாகும். அடுத்தவங்க எழுதினதை நாள் முழுக்க எழுத்தெழுத்தா கோத்ததுதான் அவருக்குக் கல்லூரி.

ஜெயகாந்தன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துலயும் அச்சகத்துலயும் வேலை பார்த்து, 2002-க்கான ஞானபீட விருது வரை போனார்.

'எழுத நேரமே இல்ல'ன்னு சொல்றீங்களா? 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதான ம.பொ.சி அமராவதி சிறைக்குப் போனார். வயிற்றுப்புண் உடம்பை உருக்கிடுச்சு. அந்தச் சிறை நாள்களில்தான் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து படிச்சார். வெளியே வந்து 1946-ல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். 'செங்கோல்' பத்திரிகை நடத்தினார், மேடையில் பேசினார், மறுபடி ஜெயிலுக்கும் போனார். இதுக்கு நடுவுலதான் புத்தகங்கள். வ.உ.சி பற்றி அவர் எழுதின நூலை அடிப்படையாக வெச்சுத்தான் 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' படம் வந்தது. 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்கு 1966-ல் சாகித்ய அகாடமி விருது.

வடக்கெல்லையில் அவருக்குத் தோள் கொடுத்த மங்கலங்கிழாரும் இந்தப் பக்கத்து எழுத்துக்காரர்தான். குருவராயப்பேட்டைத் தமிழாசிரியர். ஊர் ஊராகப் போய் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், 1953-ல் இறந்துட்டார். பள்ளிப்பட்டு தமிழ்நாட்டுக்கு வந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கலை.

சரி, காசு? புத்தக விலையில் 10 சதவிகித ராயல்டி என்பது பரவலான வழக்கம். 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி வித்தா உங்களுக்கு 6,000 ரூபாய். ஒரு வருஷ உழைப்புக்கு! அதனாலதான் பூமணி கூட்டுறவுத் துறையிலும், இமையம் பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்துக்கிட்டே எழுதினாங்க. ரெண்டு பேருமே அகாடமி விருது வாங்கினவங்க. வேலையை விட்டுட்டு நாவல் எழுதப் போறேன்னு யாராவது சொன்னா, நான் முதல்ல வாடகை எவ்வளவுன்னுதான் கேட்பேன்.

இன்னொண்ணு, காப்புரிமை. இந்தியச் சட்டப்படி எழுதினவர் வாழ்நாளுக்கும், அதுக்குப் பிறகு 60 வருஷத்துக்கும் அது இருக்கும். ஒப்பந்தத்தில் எதை, எத்தனை வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கிறீங்கன்னு படிக்காம கையெழுத்து போடாதீங்க.

ம.பொ.சி நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு. தன் வாழ்க்கையை அவரே 'எனது போராட்டம்'னு எழுதியிருக்கார். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு பஸ் ஏறினா, முதல் சில பக்கங்களை ஜன்னலோர சீட்டிலேயே முடிச்சிடலாம்.