சாட்சியாக நின்ற சிறுவன்: 'தி ரைஃபிள்மேன்' தொடரும் ஜானி கிராஃபோர்டின் நடிப்பு வாழ்வும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குழந்தை நடிகர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இளமையில் புகழ், வளர்ந்தபின் வீழ்ச்சி என்னும் ஒரே வாய்பாட்டில் முடிந்துவிடுகின்றன. 'தி ரைஃபிள்மேன்' தொடரில் மார்க் மெக்கெயினாக நடித்த ஜானி கிராஃபோர்டின் (1946–2021) வாழ்வு அவ்வாய்பாட்டில் அடங்குவதில்லை. அவருடைய ஏற்றத்தையும் பிற்கால ஒதுக்கத்தையும் பெரிதும் தீர்மானித்தது, கதைவகை சிறுவனுக்கு அளித்த இடமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெஸ்டர்ன் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில், சட்டம் வேரூன்றாத குடியேற்றங்களைக் களமாகக் கொண்ட கதைவகை. 1958–59 பருவத்தில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட பத்து நிகழ்ச்சிகளுள் ஏழு இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் நாயகன் பெரும்பாலும் குடும்பப் பிணைப்பற்ற தனியன். 'தி ரைஃபிள்மேன்' இம்மரபிலிருந்து விலகியது: சக் கானர்ஸ் நடித்த லூகாஸ் மெக்கெயின் மனைவியை இழந்தவர், நியூ மெக்சிகோவில் நார்த் ஃபோர்க் என்னும் கற்பனை ஊருக்கு அருகே பண்ணை அமைத்து மகனைத் தனியே வளர்ப்பவர். இதனால் அவர் துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொரு முறையும் அச்செயலை மகனுக்கு விளக்க வேண்டிய கடமையும் எழுகிறது. இவ்வாறு வன்முறையைக் கண்டு அதன் நியாயத்தைக் கேட்டு நிற்கும் பாத்திரத்தைச் சாட்சிப் பாத்திரம் எனலாம்.

இப்பாத்திரத்தின் இன்றியமையாமையை அறிய, கிராஃபோர்டின் அண்ணன் பாபி நடித்த 'லாரமி' தொடர் (1959–63) தக்க ஒப்பீடாகும். அதில் அவர் ஏற்ற ஆண்டி ஷெர்மன் என்னும் சிறுவன் முதல் பருவத்துக்குப்பின் படிப்படியாக விலக்கப்பட்டான். 1961இல் டென்னிஸ் ஹோம்ஸ் நடித்த இன்னொரு சிறுவன் சேர்க்கப்பட்டான். தொடரின் போக்கு குலையவில்லை. மார்க்கை அவ்வாறு நீக்கியிருந்தால் 'தி ரைஃபிள்மே'னின் கதைக்கருவே சிதைந்திருக்கும்.

1955இல் டிஸ்னியின் 'மிக்கி மவுஸ் கிளப்' குழுவில் இடம்பெற்று, அது சுருக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்ட கிராஃபோர்ட், பன்னிரண்டு வயதில் மார்க்காகத் திரையில் தோன்றினார். 1959இல் துணை நடிகருக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1962இல் அவர் பாடிய 'சிண்டிஸ் பர்த்டே' பில்போர்டு பட்டியலில் எட்டாம் இடம் வரை உயர்ந்தது. எனவே திறமைக் குறைவே பிற்கால ஒதுக்கத்துக்குக் காரணம் என்பது பொருந்தாது. 168 பகுதிகளுடன் தொடர் 1963இல் முடிந்தபோது அவருக்கு வயது பதினேழு. தந்தையிடம் பாடம் கேட்கும் சிறுவனுக்கு இடமளித்த கதைவகையில், அப்பாடத்தைக் கற்று முடித்த இளைஞனுக்குத் தனி இடம் இருக்கவில்லை. வெஸ்டர்ன் தொடர்களின் செல்வாக்கும் அப்பத்தாண்டிலேயே சரியத் தொடங்கியது.

பின்னர் அவர் இராணுவத்தில் பணியாற்றினார். ஜான் வேனின் 'எல் டொராடோ' உள்ளிட்ட படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். 1990களிலிருந்து பழைய நடன இசையை வாசிக்கும் இசைக்குழுவைத் தலைமையேற்று நடத்தினார். தாமே தேர்ந்த துறையில் நிலைத்த இப்பிற்காலத்தை வீழ்ச்சி எனக் கூறுவது பொருந்தாது. குழந்தை நடிகரின் வாழ்வை மதிப்பிடுவோர், அவர் வளர்ந்தபின் என்ன ஆனார் என்று கேட்பதற்கு முன், வளர்வதற்கு அவருடைய கதைவகை இடம் வைத்திருந்ததா என்று கேட்க வேண்டும்.