நுரையீரல் புற்றுநோய்: 'பெட் ஸ்கேன்' அறிக்கையில் உள்ள அந்த எண் உங்களுக்கு என்ன சொல்கிறது?

சிலிம் ரிவரில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு விடாத இருமல். எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி. அடுத்தடுத்த சோதனைகளுக்குப் பிறகு 'பெட்-சிடி' ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அறிக்கை கைக்கு வருகிறது: "கட்டி 2 சென்டிமீட்டர், எஸ்யுவி 9".

வீட்டில் எல்லாருக்கும் ஒரே கேள்வி. "ஒன்பதுன்னா ரொம்ப மோசமா?"

பதிலைத் தெரிந்துகொள்ள, அந்த எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெட் ஸ்கேன் எதைப் படம் பிடிக்கிறது?

சாதாரண சிடி ஸ்கேன் கட்டியின் அளவையும் வடிவத்தையும் காட்டும். பெட் ஸ்கேன் அந்தக் கட்டி எவ்வளவு சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்று காட்டும்.

புற்றுநோய் அணுக்கள் சர்க்கரையை அளவுக்கு அதிகமாக உட்கொள்வதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். அந்தக் குணத்தைத்தான் இந்த ஸ்கேன் பயன்படுத்துகிறது. கதிரியக்கம் கொண்ட ஃபுளோரின்-18 சேர்த்த, எஃப்டிஜி எனப்படும் ஒரு வகை சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துவார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். சர்க்கரை அதிகம் சேர்ந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

எஸ்யுவி என்றால் என்ன?

செலுத்திய மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவினால், எல்லா இடத்திலும் எஸ்யுவி 1 என்று இருக்கும். 9 என்றால், அந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அறிக்கையில் பெரும்பாலும் கட்டியிலேயே மிக அதிகமாக ஒளிரும் புள்ளியின் அளவைத்தான் குறிப்பிடுவார்கள். ஒளிரும் பகுதியின் மொத்தக் கொள்ளளவையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகளும் உண்டு.

தொடக்க நிலையில் இது ஏன் முக்கியம்?

'முதல் நிலை' என்று சொன்னாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவதில்லை. பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2016-இல் வெளியான கணக்கைப் பாருங்கள். முதல் நிலையிலேயே மிகச் சிறிய கட்டி, அதாவது 1 சென்டிமீட்டருக்கு உட்பட்டது, உள்ளவர்களில் 92 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அதே முதல் நிலையின் கடைசிப் படியில் உள்ளவர்களில் அது 68 விழுக்காடு.

அறுவை சிகிச்சை செய்து கட்டியை முழுக்க எடுத்த பிறகும் சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. அது யாருக்கு என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தால், அவர்களை இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்கலாம். இந்த இடத்தில்தான் பெட் ஸ்கேன் உதவக்கூடும். ஐரோப்பிய நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இலும் 2010-இலும் வெளியிட்ட முடிவு: கட்டியின் எஸ்யுவி உயர்ந்திருந்தால், பொதுவாக ஆயுட்காலம் குறைவாக இருந்தது.

அப்படியென்றால் 9 என்பது தீர்ப்பா?

இல்லை. காரணங்கள் இவை:

- இத்தனைக்கு மேல் ஆபத்து என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே எல்லை கிடையாது. இயந்திரம், ஊசி போட்ட பின் காத்திருந்த நேரம், இரத்தத்தில் சர்க்கரை அளவு எல்லாமே எண்ணை மாற்றும். அதனால் ஒரு மருத்துவமனையில் வந்த எண்ணை வேறு மருத்துவமனையில் வந்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.
- காசநோய், நிமோனியா போன்ற தொற்றுகளும் ஒளிரும். முன்பு டிபி வந்தவர் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புற்றுநோயா இல்லையா என்பதைத் திசுப் பரிசோதனைதான் உறுதிப்படுத்தும்.
- மெதுவாக வளரும் சில புற்றுநோய்கள் மங்கலாகவே தெரியும். 8 மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளிகளில் பெட் ஸ்கேனை நம்பி முடிவு செய்ய முடியாது. எண் குறைவு என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளின் நிலை, திசுப் பரிசோதனை, நோயாளியின் உடல் வலு ஆகியவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஃபுளோரின்-18-இன் வீரியம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் தயாரித்த உடனே பயன்படுத்த வேண்டும், சேமித்து வைக்க முடியாது. அதனால் பெட்-சிடி வசதி புத்ராஜெயா தேசிய புற்றுநோய்க் கழகம் போன்ற பெரிய மையங்களில்தான் இருக்கும். நீங்கள் தாமதமாகப் போனால், உங்களுக்காக வைத்த மருந்து வீணாகலாம். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

போகும் முன் கவனிக்க வேண்டியவை

- குறைந்தது 4 மணி நேரம், பல மையங்களில் 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனி போட்ட தே, கோப்பி வேண்டாம்.
- இனிப்பு நீர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்கரை 11 மில்லிமோலுக்கு மேல் போனால் ஸ்கேனைத் தள்ளிவைக்கக்கூடும். மருந்தையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்போது எடுப்பது என்று கேளுங்கள்.
- முதல் நாள் செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்குவது போன்ற கடின வேலை வேண்டாம். களைத்த தசைகளும் சர்க்கரையை இழுத்துப் படத்தைக் குழப்பும்.
- ஸ்கேன் முடிந்து சில மணி நேரம் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கத்தில் நெருங்கி உட்கார வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

"நிணநீர் முடிச்சில் ஏதாவது ஒளிர்கிறதா? வேறு எங்காவது பரவியிருக்கிறதா? தொற்றாக இருக்க வாய்ப்பு உண்டா? சிகிச்சைக்குப் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும்?" எஸ்யுவி எத்தனை என்று மட்டும் கேட்பதைவிட, இந்தக் கேள்விகளால் உங்களுக்கு அதிகம் புரியும்.

கடைசியாக ஒன்று. மலேசியாவின் 2012-2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நுரையீரல் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டனர். அவர்களுக்குத் தொடக்க நிலைச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை, சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால், "சிகரெட்டே பிடிச்சதில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும். பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.