ஃபிரியாட்டோமாக்மாட்டிக் வெடிப்பு

நிலத்தடி நீர், ஏரி, கடல், பனியாறு ஆகியவற்றுள் ஒன்றை மாக்மா எனப்படும் உருகிய பாறைக்குழம்பு நேரடியாகச் சந்திக்கும்போது, நீர் நொடிப்பொழுதில் ஆவியாகி விரிவதால் குழம்பும் சுற்றியுள்ள பாறையும் தூள்தூளாகச் சிதறும் எரிமலை வெடிப்பு இப்பெயரால் அழைக்கப்படுகிறது. பெயரின் முற்பகுதி, கிணற்றைக் குறிக்கும் ‘ஃபிரியார்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு நிலவியலாளர் ஒகுஸ்த் தோப்ரே, நிலத்தடி நீரைப் பற்றி 1887-இல் வெளியிட்ட நூலில், கிணறு வெட்டினால் எட்டக்கூடிய நீருக்கு அதனை வழங்கினார்.

எரிமலையியலில் இச்சொல் முதலில், மாக்மா வெளிப்படாமல் அதன் வெப்பம் மட்டும் நீரை ஆவியாக்கிப் பழம்பாறைகளை வீசியெறியும் ‘ஃபிரியாட்டிக்’ வெடிப்புக்கு உரியதாயிற்று. ஹவாயின் கிலாவுயா எரிமலையில் 1924 மே மாதம் நிகழ்ந்த வெடிப்புகள் இதற்கு நெடுங்காலம் முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஹரால்டு ஸ்டேர்ன்ஸ், கோர்டன் மெக்டொனால்டுடன் இணைந்து ஹவாய்த் தீவின் நிலவியலையும் நிலத்தடி நீரையும் பற்றி 1946-இல் எழுதிய அறிக்கையில், புதிய மாக்மாவும் நீராவியும் சேர்ந்தே வெளிப்படும் வெடிப்புகளைப் பிரித்துக்காட்ட ‘ஃபிரியாட்டோமாக்மாட்டிக்’ என்ற கூட்டுச்சொல்லை ஆண்டார்.

கடல்மட்ட அழுத்தத்தில் நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்காகிறது. பசால்ட் குழம்பின் வெப்பமோ 1,100 பாகை செல்சியசை ஒட்டியது. எனினும் நீர் மிகுந்தால் குழம்பு அமைதியாகக் குளிர்ந்து உறையும், குறைந்தால் வெடிப்பு வலுக்காது என்பதால், இரண்டும் கலக்கும் விகிதமே வெடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1963 நவம்பரில் ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் கடலிலிருந்து எழுந்த சர்ட்சி தீவு இதற்குத் தெளிவான சான்று: கடல்நீர் எரிமலை வாய்க்குள் புகுந்தவரை கருஞ்சாம்பல் பீறிட்டது, 1964 ஏப்ரலில் நீர்வழி அடைபட்டதும் வெடிப்பு தணிந்து குழம்பு ஓடத் தொடங்கியது.

ஃபிரியாட்டிக், ஃபிரியாட்டோமாக்மாட்டிக் ஆகிய இவ்விரு வகை வெடிப்புகளையும் வேறுபடுத்தும் சான்று சாம்பலில் உள்ளது. நீர் பட்டுச் சட்டெனக் குளிர்ந்த புது மாக்மா, கூர்முனைகளும் தட்டையான உடைமுகங்களும் கொண்ட நுண்ணிய கண்ணாடித் துகள்களாகச் சாம்பலில் கலந்திருக்கும். பழம்பாறைத் துகள்களும் சிதைந்த கண்ணாடியும் அவற்றைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், அவற்றை இனங்காண்பது எளிதன்று. அதில் பிழை நேர்ந்தால் விளைவு ஆய்வகத்துடன் நிற்பதில்லை. குவாதலூப் தீவின் லா சூஃப்ரியேர் எரிமலை 1976-இல் வெடித்தபோது, சாம்பலில் புதிய கண்ணாடி உண்டா என்பதில் அறிவியலாளர் கடுமையாக முரண்பட்டனர். பெருவெடிப்புக்கு அஞ்சி 70,000-க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். 1977-இல் ஓய்ந்த அந்த வெடிப்பு, இறுதியில் ஃபிரியாட்டிக் வகையினதாகவே வகைப்படுத்தப்பட்டது.