லினக்ஸில் யூ.எஸ்.பி. மிக்சர் வழி ஒலிப்பதிவு

யூ.எஸ்.பி. மிக்சர் என்பது பல மைக்குகளின் ஒலியைக் கலந்து, எண்முறைக்கு மாற்றி, ஒரே கேபிளில் கணினிக்கு அனுப்பும் கருவி. லினக்ஸ் மடிக்கணினியோடு சேர்த்தால் கோயில் திடலிலேயே ஒலிப்பதிவு செய்யலாம்.

கொங்கு நாட்டில்

கோவையில் 1930களில் எழுந்த சென்ட்ரல் ஸ்டுடியோவும், 1945இல் ஸ்ரீராமுலு நாயுடு தொடங்கிய பட்சிராஜா ஸ்டுடியோவும் திரைப்படத்துக்கு ஒலி பதிந்தன. ஆனால் நாட்டார் கலையைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியே ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அண்ணன்மார் கதை என்னும் நாட்டார் கதைப்பாட்டை டேப்பில் பதிந்தார். அதன் நூல்வடிவை 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்டது. உடுக்கையடிப் பாட்டு, வள்ளி கும்மி போன்றவற்றைப் பதிய இன்று ஒரு சிறு மிக்சரும் மடிக்கணினியும் போதும்.

இயங்கும் முறை

யூ.எஸ்.பி. ஒலிச் சாதனங்களுக்கான பொதுத் தரம் 1998இல் வெளிவந்தது. அதைப் பின்பற்றும் மிக்சருக்குத் தனி டிரைவர் வேண்டாம். லினக்ஸ் கருவில் உள்ள ஆல்சா அதை உடனே அடையாளம் காணும். 2003இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் முதன்மை ஒலி அமைப்பு ஆல்சாதான். அதற்கு மேல் இயங்கும் ஒலிச் சேவையகங்களான பல்ஸ்ஆடியோவும் ஜாக்கும் தனித்தனியே செய்த வேலைகளை இப்போது பைப்வயர் ஒன்றே பார்க்கிறது. பதிவுக்கு ஆடாசிட்டி, ஆர்டர் ஆகிய மென்பொருள்கள் பயன்படுகின்றன.

மிக்சர் வகைகள்

யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ. போன்றவை கலந்து முடித்த இரண்டு சேனல்களை மட்டுமே கணினிக்குத் தரும். பாடகர் குரலை அமுக்கி உடுக்கை பதிவாகிவிட்டால் பின்னர் இரண்டையும் பிரித்துச் சரிசெய்வது கடினம். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே. போன்ற பல்தடக் கருவிகள் ஒவ்வொரு மைக்கையும் தனித்தடத்தில் அனுப்பும். வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் வேறுபாடு இதுவே.

பதியும் முறை

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் தேவை. உடுக்கையை உச்ச வேகத்தில் அடிக்கச் சொல்லி, அப்போதும் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினைக் குறைத்து வைக்க வேண்டும். கணினியிலிருந்து திரும்பும் ஒலியை முதன்மைக் கலவைக்கு அனுப்பும் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். இல்லையேல் பதிந்த ஒலியே மீண்டும் பதிவில் கலக்கும்.

48,000 ஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் கொண்ட மூன்று பஃபர்கள் (தற்காலிக ஒலித் தேக்கங்கள்) வைத்தால் கணினியில் ஏற்படும் தாமதம் 16 மில்லிநொடி. பாடுபவருக்கு ஹெட்போனை மிக்சரிலேயே செருகினால் இந்தத் தாமதம் தெரியாது.

கோப்பளவு

48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், இரு சேனல் பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. இடம் பிடிக்கும். சாதாரண வேவ் கோப்பின் உச்ச அளவு 4 ஜி.பி. என்பதால், விடிய விடிய நடக்கும் கதைப்பாட்டு நான்கு மணி நேரத்தைத் தாண்டியதும் ஒரே கோப்பில் அடங்காது. ஆர்டரில் ஆர்.எஃப்.64 வடிவைத் தேர்ந்தால் இந்த வரம்பு இல்லை.