கழலாத ட்ரம்

கொடுங்கையூரில் மாமாவின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டீக்கடையில் ‘டிராக்டர் மேஸ்திரி’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மரப்பெஞ்சு, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. காற்று திசை மாறினால் குப்பைமேட்டின் நெடி உள்ளே வரும். தண்ணி டேங்கர் இழுக்கும் டிராக்டர், குப்பை இழுக்கும் டிராக்டர், எப்போதாவது வயலிலிருந்து வரும் டிராக்டர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் சக்கரம் கழன்று நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன், பொங்கல் கழிந்த வாரம், பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய மாசி ஃபெர்குசன் லாரியில் ஏறி வந்தது. இடது பின்சக்கரம் சுற்றவில்லை. கூடவே வந்த பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மாமா வண்டியை ஒருதரம் சுற்றி வந்துவிட்டு அவரிடம் கேட்டார்.

“மழைக்கு முன்னாடி நிறுத்தும்போது பிரேக்கைப் பூட்டி வெச்சிட்டீங்களாண்ணே?”

“மேட்டுல நின்னுது மேஸ்திரி. உருளக் கூடாதேன்னு பூட்டினேன்.”

“அதான். ட்ரம்மு புடிச்சிக்கிச்சு.”

ட்ரம் பிரேக் என்பது எளிமையான சங்கதி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வார்ப்பிரும்புக் கிண்ணம். அதற்குள் சுற்றாமல் நிற்கும் இரண்டு பிறைவடிவ ஷூக்கள். பெடலை மிதித்தால் ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை அழுத்தும். 1902-ல் பிரெஞ்சுக்காரர் லூயி ரெனோ இதை ஓர் ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. பிரேக்கைப் பூட்டிவைத்தால் ஷூ சுவரை அழுத்தியபடியே நிற்கும். மூன்று மாத மழையில் ஈரம் இறங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். ஷூவுக்கும் சுவருக்கும் நடுவில், ட்ரம்முக்கும் அது உட்கார்ந்திருக்கும் ஹப்புக்கும் நடுவில், மயிரிழை இடுக்குகளில் அது வீங்கி இறுகும். ஆப்பு அடித்த மாதிரி.

“எவ்ளோ நேரம் ஆகும் மாமா?” என்று கேட்டேன்.

“இரும்பு என்னிக்கு மனசு வைக்குதோ அன்னிக்கு.”

மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் எனக்கு லீவு. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கியது.

*

கொட்டகையிலிருந்து மூலக்கடை சந்திப்பைத் தாண்டிப் போனால் செம்பியம். அந்த டிராக்டர் பிறந்த இடம் அது. பொன்னேரிச் சேற்றில் நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, பிறந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து நின்றிருந்தது.

அதன் முன்னோர் ஊர் இங்கிலாந்தின் கவென்ட்ரி. 1946 முதல் 1956 வரை அங்கே ஃபெர்குசன் டி.இ.20 என்ற சின்னச் சாம்பல்நிற டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையை வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டியதுபோல் இழுக்காமல், மூன்று புள்ளிகளில் வண்டியோடு பூட்டி ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கியவர். இன்று உலகில் ஓடும் விவசாய டிராக்டர் எதன் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அநேகமாக அந்த மூன்று புள்ளி இருக்கும். 1953-ல் அவருடைய நிறுவனம் கனடாவின் மாசி ஹாரிஸுடன் இணைந்தது. மாசி ஃபெர்குசன் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

சென்னைக் கதை இன்னும் பழையது. 1840-ல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கியது சிம்சன். எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1938-ல் உருவாக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் மையமாக அது ஆனது. பிறகு செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. அதே குழுமம் 1960-ல் மாசி ஃபெர்குசனோடு கைகோத்துத் தொடங்கியதுதான் டஃபே. பக்கத்துப் பேட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அது அசோக் லேலண்ட். அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் வடசென்னை இந்தியாவுக்கு லாரியும் மோட்டார் சைக்கிளும் ரயில்பெட்டியும் டிராக்டரும் செய்யும் ஊராகிவிட்டது.

இந்த ஆண்டுகளையெல்லாம் நான் நூலகத்துக்குப் போகாமலேயே கண்டுபிடித்தேன். கம்பெனிகளுக்கு வரலாறு உண்டு. நிறுவனர் பெயர் உண்டு, தொடக்க விழாப் படம் உண்டு. நூற்றாண்டு மலர் உண்டு. ஆனால் அந்த வண்டிகள் கேட்டைத் தாண்டி வெளியே போனபிறகு நாற்பது வருஷம் அவற்றை ஓடவைத்தது யார்? அதற்கு மலர் கிடையாது. டேவிட் எட்ஜர்டன் என்ற வரலாற்றாசிரியர் 2006-ல் வெளியான ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் இதைத்தான் சொல்கிறார். தொழில்நுட்ப வரலாறு என்ற பேரில் நாம் எழுதுவது கண்டுபிடிப்புகளின் வரலாறு. பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாற்றை எழுதினால் கதை வேறு ஆட்களின் கதையாக மாறிவிடும், வேறு ஊர்களின் கதையாகவும்.

மாமாவிடம் சுருக்கமாக இதைச் சொன்னேன். “அந்தப் புக்கெழுதினவரு ட்ரம்மு கய்ட்டியிருக்காரா?” என்று கேட்டார்.

*

முதல் நாள் சம்மட்டியைத் தொடவே இல்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலுக்கு ஜாக்கி போட்டு, ஜாக்கியை நம்பாமல் கீழே மரக்கட்டைகளை அடுக்கினார். பின்சக்கரத்தை நாலு பேர் பிடித்துக் கழற்றினோம். உள்ளே ட்ரம் தெரிந்தது. செங்கல் நிறம். அதன் முகத்தில் தலை புதைந்த இரண்டு ஸ்க்ரூ. ட்ரம்மை ஹப்போடு பிடித்து வைப்பவை. அவை திரும்பவில்லை. உளியை ஸ்க்ரூவின் பள்ளத்தில் சாய்த்து வைத்துத் தட்டித் தட்டி, ஒன்றை மாலைக்குள் அசைத்தார். மற்றொன்றின் தலையை ட்ரில் போட்டு எடுக்கவேண்டி வந்தது. அப்புறம் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஹப்பைச் சுற்றி ஊற்றினார்.

“இனிமே அது வேலை செய்யும். நாம தூங்கலாம்.”

இரண்டாம் நாள் அட்ஜஸ்டர். ஷூக்களின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் பல்சக்கரம் அது. வருஷக்கணக்காக உரசி உரசி ஷூ, ட்ரம்மின் உட்சுவரில் ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். விளிம்பு மட்டும் தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். ஷூவை உள்ளே சுருக்காமல் ட்ரம்மை இழுத்தால் அந்த வரப்பு ஷூவில் மாட்டிக்கொள்ளும். முரட்டுத்தனமாக இழுப்பவர்கள் ஷூவையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிய்த்தெடுப்பது இங்கேதான். மாமா ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பல் பல்லாக, மணிக்கணக்கில் பின்னால் தள்ளினார்.

அதன்பிறகுதான் சுத்தியல். அதுவும் விளிம்பில் இல்லை. “வார்ப்பிரும்பு மாப்ள. கண்ணாடி மாதிரி. விளிம்புல அடிச்சா தெறிச்சிடும்.” ஹப்புக்குப் பக்கத்தில், போல்ட்டுகளுக்கு நடுவே, ஓரிடத்தில் இரண்டு அடிக்குமேல் இல்லாமல், வட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தார். அடி இரும்பை நகர்த்த அல்ல, துருவை உலுக்க. காதை வைத்துக் கேட்கச் சொன்னார். முதலில் மண்பானையைத் தட்டியதுபோல் மொத்தையாக இருந்த சத்தம், மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் மணி மாதிரி கேட்டது. “அங்க வுட்டுடுச்சு” என்றார்.

மூன்றாம் நாள் கேஸ். ஹப்பைச் சுற்றியிருக்கும் ட்ரம்மின் பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். வெளியே இருப்பது சூட்டில் விரியும், உள்ளே இருப்பது சூடேறுவதற்குள் தட்டிவிட வேண்டும். ஒரே இடத்தில் தீயைப் பிடித்தால் விரிசல் விழும். அதிகமானால் உள்ளே ஆயில் சீல் வெந்துவிடும், பிறகு கியர் எண்ணெய் ஷூவில் கசிந்து பிரேக்கே பிடிக்காது. தீயை வட்டமாக ஓட்டினார். நிறுத்தினார். இரண்டு பக்கமும் புல்லரின் கால்களை மாட்டி, ஸ்பேனரில் ஒரு கால் சுற்று. தட்டு. இன்னொரு கால் சுற்று.

பதினோரு மணிக்கு மேல், துப்பாக்கி சுட்டமாதிரி ஒரு சத்தம். ட்ரம் அரை இஞ்ச் வெளியே வந்திருந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார், எதைப் பார்த்து என்று தெரியவில்லை.

*

கழன்ற ட்ரம்மைக் கவிழ்த்து மாமா உட்சுவரை விரலால் தடவினார். பெரியவரைப் பார்த்து, “எப்பவும் இடப்பக்கமாத்தான் திரும்புவீங்களா?” என்றார். பெரியவர் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். சேற்று உழவில் கேஜ் வீல் மாட்டி ஓட்டும்போது வரப்போரம் குறுகலாகத் திரும்ப ஒருபக்க பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். அதற்காகத்தான் டிராக்டரில் இரண்டு பிரேக் பெடல், ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துக்கொள்வது. நாற்பது வருஷம் ஒரே திசையில் சுற்றிய உழவு இடது ட்ரம்மில் பள்ளமாக இருந்தது. ஒரு குடும்பம் தன் நிலத்தை எப்படி உழுதது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் எங்கேயும் இருக்காது.

நான் ஏர் ஹோஸை எடுத்தேன். ட்ரம்முக்குள் துருவும் சாம்பல் நிறத் தூளும் அடையடையாக இருந்தது. ஊதிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன்.

மாமா கத்தினார். “கீழ வையிடா அத!”

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து, துணியை நனைத்து, தூளை ஈரமாகவே வழித்தெடுத்து, துணியோடு ஒரு கவரில் போட்டுக் கட்டினார். அப்புறம் உட்கார்ந்து இருமினார். அந்த இருமல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். பீடியால் வந்தது என்றுதான் அத்தை சொல்வாள்.

“எங்க மேஸ்திரி ஊதச் சொல்வாரு. வாயாலயே ஊதுவோம், காத்து மெஷின் வர்றதுக்கு முன்னாடி. முப்பது வருஷம் ஊதினேன். அவரு மூச்சு முட்டித்தான் செத்தாரு.”

அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, கல்நார் என்று நாம் சொல்வது. சூடு தாங்கும், சீக்கிரம் தேயாது, விலை குறைவு. தேயும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகளாகத் தூளில் கலக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் எல்லா வகைக் கல்நாருக்கும் தடை கொண்டுவந்தது. இன்று இங்கேயும் கல்நார் இல்லாத லைனிங் கிடைக்கிறது. ஆனால் பழைய வண்டியின் ட்ரம்முக்குள் பழைய தூள்தான்.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய வாழும் உரிமையின் பகுதி என்றது. கல்நார் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, எது பிந்தையதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. சிறு தொழிற்கூடங்களையும் பாதுகாப்புக்குள் கொண்டுவருவது பற்றி அரசுகள் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. எல்லாமே கல்நார்ப் பொருளைத் தயாரிக்கும் இடங்களைப் பற்றி. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமோ, மின்சாரத்தோடு வேலை நடக்கும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. மாமாவின் கொட்டகையில் என்னைச் சேர்த்து மூன்று பேர்.

தயாரிப்புக்கு வரலாறு உண்டு, பழுதுபார்ப்புக்கு இல்லை என்று நான் சொன்னது ஏதோ நூல்களைப் பற்றிய புகார் என்று தோன்றியிருக்கலாம். அதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எழுதப்பட்டவனுக்குத்தான் பதிவேடு. ட்ரம் கழற்றியவன், தூளை ஊதியவன், எந்த மஸ்டர் ரோலிலும் இல்லாதவன். அவன் நுரையீரலுக்கு நாற்பது வருஷக் கணக்கு எழுத ஆள் கிடையாது. ட்ரம்மில் பள்ளம் விழுந்தால் தடவிப் பார்க்க மாமா இருக்கிறார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றேன். “டாக்டர் இன்னா வேலைன்னு கேப்பாரு. மெக்கானிக்னு சொல்வேன். எழுதிக்கினு, பீடி குடிப்பியான்னு கேப்பாரு” என்றார்.

“பிரேக் ட்ரம் வேலைன்னு சொல்லுங்க மாமா. எத்தன வருஷம்னும் சொல்லுங்க.”

அவர் பதில் சொல்லவில்லை. ட்ரம்மை லேத்துக்கு அனுப்ப வேண்டும், உட்சுவரைக் கடைந்து வரப்பை எடுக்க. ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, பழைய டைரி ஒன்றை என்னிடம் நீட்டினார். வண்டி நம்பர், வந்த தேதி, வாங்கிய கூலி என்று பென்சில் எழுத்து. முதல் பக்கத்தில் 1984.

“இதுல ட்ரம்மு வேலை மட்டும் எத்தினின்னு எண்ணிச் சொல்லு” என்றார். “டாக்டர் கேட்டா சொல்லணும்ல.”

எண்ணிக்கொண்டிருக்கிறேன். இது முதல் டைரிதான்.