அடி விழாத தவில்

முதன்முதலாக நான் காசு சேர்த்து வாங்கிய நல்ல ஸ்பீக்கர் ஜோடியில் அப்பாவுக்கு ஒரு நாகஸ்வரக் கச்சேரி போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் கேட்டார். "தவிலு சத்தம் வருது. அடி எங்கடா?" என்றார்.

ஊரில் முப்பது வருஷம் மைக் செட் போட்டவர் அவர். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி அடுத்த ஊர் வரைக்கும் பாட்டு அனுப்பியவர். குழாய்ச் சத்தத்திலேயே காது மரத்துப்போச்சு, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு என் பக்கம் என்று புரிய வைத்தவர் ஓர் அமெரிக்கர்.

பால் கிளிப்ஷ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் ராணுவப் பணியில் இருந்தவர். போர் முடிந்ததும் அங்கேயே தங்கி, 1946இல் தன் 'கிளிப்ஷ்ஹார்ன்' ஸ்பீக்கரை விற்க ஆரம்பித்தார். பீரோ அளவுப் பெட்டி. அதை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு சுவர்களும்தான் அதன் குழாயின் கடைசிப் பகுதி. உள்ளே பாஸ் ஒலிக்கான பாதை மடித்து மடித்து வருகிறது.

குழாய் எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு கனமானது, காற்று லேசானது. வெறுமனே தள்ளினால் காற்று நழுவிவிடும், கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி சுருளில் சூடாகப் போய்விடும். குறுகலாகத் தொடங்கி விரியும் குழாய் வைத்தால் கூம்புக்குத் தள்ள ஒரு பிடி கிடைக்கிறது. வரப்பில் நின்று கையைக் குவித்துக் கூப்பிடுகிறோமே, அதேதான். கிளிப்ஷ்ஹார்னுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 105 டெசிபல் என்கிறது அதன் கணக்கு. அலமாரியில் வைக்கிற இன்றைய சின்னப் பெட்டிகள் பல 85ஐ ஒட்டியே நிற்கின்றன. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 10 மடங்கு மின்சாரம் வேண்டும். இடைவெளி 20 என்றால் 100 மடங்கு!

பிறகு ஏன் சின்னப் பெட்டி ஜெயித்தது? 1954இல் எட்கர் வில்சர், ஹென்றி குளோஸ் இருவரும் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார்கள். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி, சின்ன உடம்பிலிருந்து ஆழமான பாஸை வாங்கினார்கள். விலையாகக் கொடுத்தது திறனை. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பெட்டி தேவைப்பட்டது. இரண்டு மூலையை யார் காலியாக வைத்திருக்கிறார்கள்? டிரான்சிஸ்டர் வந்து வாட்டையும் மலிவாக்கியது.

வில்சர் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் நால்வரையும் மேடையில் உட்கார வைத்து, நேரடி வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் மாறி மாறிக் காட்டியது அவருடைய கம்பெனி. ஆனால் அது வயலின் குடும்பம். அந்த மேடையில் ஒரு தவிலை வைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தவிலின் அடி, கச்சேரியின் சராசரி ஒலியைவிட 20 டெசிபல் எகிறலாம். சராசரிக்கு 1 வாட் போதுமென்றால் அந்த ஒரு கணத்துக்கு 100 வாட் வேண்டும். என் ஆம்ப் 40 வாட். அடி உள்ளேயே மழுங்கியிருக்கிறது. அப்பாவின் காதில் குறை ஒன்றுமில்லை. அவருடைய குழாயில் பாஸ் கிடையாது, கீச்சென்று கத்தும், ஆனாலும் எழுகிற அடியை அது அமுக்காது. அந்த ஒன்றை அவர் முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறார்.

போன வருஷம் பழைய ஜோடி ஒன்று கிடைத்தது. 98 டெசிபல், மேலே குழாய் வைத்தது, ஹாலில் பாதியை அடைக்கிறது. வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பொங்கலுக்கு வந்த அப்பா தனி ஆவர்த்தனம் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எத்தனை வாட்டு போட்டிருக்க?" என்றார்.

"எட்டுதாம்ப்பா."

நம்பவில்லை. எழுந்து பின்னால் போய் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஆம்ப் வரைக்கும் வந்தார்.